பொருள் எண் பதினான்கு

கூட்டம் பதினொரு மணிக்கு. மந்தைத் தெருப் பெண்கள் கழிப்பிடத்தை இடிக்கலாமா கூடாதா என்று நகர்மன்றம் கூடி முடிவெடுக்க வேண்டியது அந்தக் கூட்டத்தில்தான். ஆனால் இடிக்கிற பொக்லைன் காலையிலேயே நகராட்சி வளாகத்துக்குள் வந்து வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. டிரைவர் அதன் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு பார்சல் பூரியைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தான். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதைதான்.

"யாருப்பா உன்னைய வரச் சொன்னது?" என்றேன்.

"சேர்மன் வீட்டுல இருந்து ஆள் வந்துச்சுக்கா. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வேலைன்னாக."

அவன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? எய்தவன் இருக்க அம்பை நொந்து பயனில்லை. மாடிப்படி ஏறினேன்.

நான் பாண்டியம்மாள். புளியங்கண்மாய் நகராட்சியின் ஒன்பதாவது வார்டு உறுப்பினர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாழை இலைக் கடை வைத்திருக்கிறேன். தொண்ணூற்றாறு தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு வார்டுகளைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது கட்சிக்காரர்கள் அவரவர் பெண்டாட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் அப்போது லாரியில் நாக்பூர் போயிருந்தார். என்னை நிறுத்த ஆளில்லாததால் நானே நின்றுகொண்டேன். சுயேச்சை. ஜெயித்தும் விட்டேன். காரணம் அந்தக் கழிப்பிடம்தான். "அதுக்குத் தண்ணியும் லைட்டும் நிக்காமப் பாத்துக்கிறேன்" என்று ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தேன். ஊரில் பெரிய பெரிய வாக்குறுதி கொடுத்தவர்கள் எல்லாம் டெபாசிட் இழந்தார்கள்.

மந்தைத் தெருவையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு காம்பவுண்டுக்குள் எட்டுக் குடித்தனம், பத்துக் குடித்தனம். கால் நீட்டிப் படுக்கவே இடமில்லாத வீட்டில் கழிப்பறைக்கு எங்கே போவது? கழிப்பிடம் கட்டுவதற்கு முன்னால் பெண்கள் எல்லோரும் விடியுமுன் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்குத்தான் போவோம். தேனி ரோடு கரையை ஒட்டியே போகிறது. எங்களைக் கண்டால் சில லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, வேண்டுமென்றே ஹெட்லைட்டை எங்கள் பக்கம் திருப்பிப் போடுவார்கள். எழுந்து நிற்போம், உட்காருவோம், மறுபடி எழுந்து நிற்போம். என் வீட்டுக்காரரும் லாரி ஓட்டுகிறவர்தான். எந்தெந்த ஊர்க் கரையில் அவர் லைட்டை அணைத்தார், எந்த ஊரில் போட்டார் என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

என் மகள் ரோகிணிக்குப் பதினைந்து வயது. அவளுக்குக் கண்மாய்க்கரை தெரியாது. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கழிப்பிடம் இருக்கிறது. அங்கே நாற்றமும் வரிசையும் உண்டு, தாழ்ப்பாள் இல்லாத கதவுகூட இரண்டு உண்டு. ஆனால் சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் போனால் நாளைக்கு விடியுமுன் நான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கருவேலங்காட்டுக்குப் போகவேண்டும். அன்றைக்கு என் நெஞ்சில் இருந்தது அது ஒன்றுதான்.

கழிப்பிடம் இருக்கும் இடத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்பது சேர்மன் வெள்ளைத்துரையின் யோசனை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நல்ல இடம், நல்ல வருமானம். பொருள் எண் பதினான்கு என்று அஜெண்டாவில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். "மகளிர் கழிப்பிடத்துக்கு மாற்று இடம் பரிசீலிக்கப்படும்" என்று கடைசி வரி. பரிசீலிக்கப்படும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் வார்டுச் சாக்கடை மூன்று வருடமாகப் பரிசீலனையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் மன்றத்தில் தீர்மானம் நிறைவேறுகிற அழகைச் சொல்லவேண்டும். நகராட்சி மேலாளர் மைக்கில் பொருள் எண்ணை வாசிப்பார். வாசித்து முடிக்குமுன் சேர்மன் பக்கத்து ஆட்கள் மேஜையைத் தட்டுவார்கள். "ஆல் பாஸ்" என்பார் சேர்மன். ஐந்தாறு பொருள் இப்படிப் போனதும் எதிர்க்கட்சித் தலைவர் முத்துக்கருப்பன் எழுந்து, இது ஜனநாயகப் படுகொலை என்று சொல்லித் தன் ஆட்களோடு வெளிநடப்பு செய்வார். கீழே டீக்கடையில் இரண்டு நிருபர்கள் காத்திருப்பார்கள். அவர்களுக்குப் பேட்டி கொடுத்துவிட்டு டீ குடிப்பார். மிச்சமிருக்கும் பொருள் எல்லாம் மேலே தடையில்லாமல் நிறைவேறும். மறுநாள் பேப்பரில் இரண்டு பேருக்கும் படம் வரும். மூன்று வருடத்தில் ஒரு கூட்டம்கூட இந்த முறை தவறியதில்லை.

சேர்மன் நீங்கலாக உறுப்பினர்கள் இருபத்தொரு பேர். சேர்மன் கட்சி பதினொன்று, எதிர்க்கட்சி ஒன்பது, நான் ஒருத்தி. ஓட்டு இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் சேர்மன் தன் ஓட்டைப் போட்டு முடிவு செய்வார். எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யாமல் உட்கார்ந்திருந்து, சேர்மன் பக்கத்தில் ஒரே ஒருவர் இந்தப் பக்கம் வந்தால் போதும், கழிப்பிடம் பிழைத்துவிடும். அதற்காக ஒரு வாரம் நாயாய் அலைந்தேன்.

முதலில் முத்துக்கருப்பன். அவருடைய ரைஸ் மில்லுக்கே போய்க் கேட்டேன். "அண்ணே, இந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் வெளிநடப்பு வேணாம்ணே. பதினாலாம் பொருள் முடியிற வரைக்கும் இருங்க. அம்புட்டுத்தான் நான் கேக்குறது."

"இருக்கேன் தாயி. இதுக்குப் போயி வெயில்ல வந்தியாக்கும்," என்றார். மனுஷன் நல்லவர்தான். ரோஷம்தான் கொஞ்சம் அதிகம்.

அடுத்து நாகமணி. சேர்மன் கட்சிதான், ஆனால் சாது. சௌராஷ்டிரக்காரர், சாயத்தூள் வியாபாரம். அவர் வார்டுப் பெண்களும் அந்தக் கழிப்பிடத்துக்குத்தான் வருகிறார்கள். அவர் தன் மனைவியோடு அவர்கள் பாஷையில் ஏதோ பேசினார். அந்த அம்மா அழுத்தமாக இரண்டு வார்த்தை சொன்னதும் என் பக்கம் திரும்பி, "என் கை உங்களுக்குத்தாம்மா. வெளிய சொல்லிராதீங்க," என்றார்.

கணக்கு சரியாகிவிட்டது. ஆனாலும் ஒரு கையை நம்பி இறங்கப் பயமாக இருந்தது. அதனால் பேயாண்டியிடமும் போனேன். பேயாண்டி உறுப்பினர் இல்லை. பத்தாவது வார்டு உறுப்பினர் அவர் பெண்டாட்டி ஒச்சம்மாள். ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெண்ணைத் தேடிப் போனதில்லை. ரேஷன் கார்டு கையெழுத்து என்றாலும், தெருவிளக்கு என்றாலும் பேயாண்டிதான். டீக்கடையில் அவரை "கவுன்சிலரே" என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

"நீங்க சொல்றது நியாயந்தான் பாண்டியம்மா," என்றார் பேயாண்டி. "எங்க வீட்டுலயும் அங்கிட்டுத்தான் போகுது. ஆனா சேர்மன்ட்ட வாக்குக் குடுத்துட்டேன். அவரு எனக்கு மாப்ள மொறை வேற. இனிமே மாத்திப் பேச முடியாது."

அவர் பின்னால் நிலைக்குள் ஒச்சம்மாள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரோடு நான் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். "போயிட்டு வாரேன் ஒச்சம்மா" என்று அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

கூட்டத்தன்று பதினொரு மணிக்கு முன்பே மன்றத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். மாடியில் நீளமான ஹால். அதற்கு ஒரே வாசல், கனமான இரட்டைக் கதவு. காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். அந்த வாசலில்தான் பேயாண்டியும் இன்னும் இரண்டு பெண் உறுப்பினர்களின் வீட்டுக்காரர்களும் நிற்பார்கள். அவர்களுக்கு உள்ளே வர உரிமை கிடையாது. அதனால் வெளியில் நின்றபடி கண்காட்டுவார்கள். பேயாண்டி தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டால் ஒச்சம்மாள் கையைத் தூக்குவாள். அவர் மூக்கைச் சொறிந்தால் இறக்கிவிடுவாள். மூன்று வருடமாக அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்து இதைப் பார்த்து எனக்கே எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று மனப்பாடம்.

பதின்மூன்று பொருள் வரை வழக்கம்போல் மேஜை தட்டலில் போனது. முத்துக்கருப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாகமணி என்னைப் பார்க்கவே இல்லை. மேலாளர் "பொருள் எண் பதினான்கு" என்று வாசித்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"ஆல் பாஸ் கிடையாது. நான் எதிர்க்கிறேன். ஓட்டெடுப்பு வேணும்."

மேஜை தட்டப் போன கைகள் பாதியில் நின்றன. நகராட்சிக் கமிஷனர் வாட்சைப் பார்த்தார். சேர்மன் வெள்ளைத்துரை சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் ரைஸ் மில்லுக்குப் போனதும் தெரியும், சாயத்தூள் கடைக்குப் போனதும் தெரியும். சிறிய ஊரில் தும்மினால்கூட அடுத்த தெருவில் மருந்து அரைப்பார்கள்.

"எடுத்துருவோம்மா. அதுக்கென்ன," என்றவர், மெதுவாக முத்துக்கருப்பன் பக்கம் திரும்பினார். "என்ன முத்துக்கருப்பண்ணே, இன்னைக்கு நாற்காலியில பசை தடவுனது மாதிரி உக்காந்துட்டீக? உங்க தலைவர் மதுரைக்கு வந்தாரே போன மாசம். கூட்டத்துக்கு ஆள் இல்லாம மாட்டுச் சந்தைக்கு வந்தவுகளைப் பிடிச்சு உக்கார வச்சீகளாமே. அதுல பாதி மாடுன்னு பேசிக்கிறாகளே, நெசமா?"

ஹாலில் பாதி சிரித்தது. பார்க்கப் பார்க்க முத்துக்கருப்பன் முகம் சிவந்தது. "அண்ணே, வேணாம்ணே!" என்று கத்தினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. எங்கள் தலைவரைச் சொன்ன பிறகு இந்த மன்றத்தில் உட்கார்ந்திருக்க நாங்கள் சோற்றில் உப்புப் போட்டுத் தின்னவில்லையா என்று சத்தம் போட்டுக்கொண்டு எழுந்தார். எட்டுப் பேரும் எழுந்தார்கள். துண்டை உதறினார்கள். அதே வரிசை, அதே கோஷம். வாசலை நோக்கி நடந்தார்கள்.

அவர்கள் போனால் கழிப்பிடம் போயிற்று. எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. நாற்காலிகளுக்குப் பின்னால் ஓடி, அவர்களுக்கு முன்னால் போய், வாசற்படியின் குறுக்கே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"போறதுன்னா என்னையத் தாண்டிப் போங்க!"

முன்னால் வந்த முத்துக்கருப்பன் தூக்கிய காலைப் பின்னுக்கு வைத்தார். உட்கார்ந்திருக்கும் ஆளைத் தாண்டினாலே பாவம் என்று வளர்ந்தவர்கள். அதிலும் ஒரு பொம்பளையை, அதுவும் நிலைப்படியில் உட்கார்ந்திருப்பவளைத் தாண்டிவிட்டு எந்த முகத்தோடு ஊருக்குள் ஓட்டுக் கேட்பது? ஒன்பது ஆண்களும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எந்திரி தாயி. வாசப்படியில உக்காரக்கூடாது. குடும்பத்துக்கு ஆகாது," என்றார் முத்துக்கருப்பன் தணிந்த குரலில்.

"என் குடும்பம் எங்கிட்டு உக்காரப் போகுதுன்னுதான் இம்புட்டும் நடக்குது. நீங்க ஓட்டுப் போட்டுட்டுப் போங்கண்ணே. நானே எந்திரிச்சு வழி விடுறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, நின்னுக்கிட்டே போடுறோம். வாசிங்கய்யா!" என்று மேலாளரைப் பார்த்துக் கத்தினார்.

ஒரு நிமிடம் நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அங்கேதான் வெள்ளைத்துரை தன் மூளையைக் காட்டினார்.

"ஓட்டெடுப்பு தாராளமா நடக்கட்டும்," என்றார் மைக்கில். "ஆனா உறுப்பினர் பாண்டியம்மாள் தன் இருக்கையில இல்ல. வாசப்படி மன்றத்துக்குள்ள சேராது. மன்றத்துக்கு வெளிய இருக்கிறவுகளுக்கு ஓட்டுக் கிடையாது. என்ன கமிஷனர் சார்?"

கமிஷனர் தலையை எந்தப் பக்கமும் இல்லாமல் ஆட்டினார்.

நான் நாற்காலிக்குப் போனால் வாசல் காலியாகிவிடும். பேட்டிக்குத் துடித்துக்கொண்டிருக்கிற ஒன்பது பேரும் படியிறங்கிவிடுவார்கள். இங்கேயே உட்கார்ந்தால் என் ஓட்டுப் போயிற்று. நாகமணி வந்தாலும் பத்துக்குப் பத்து. சமமானால் சேர்மன் ஓட்டு. எந்தப் பக்கம் புரண்டாலும் முள். ஆத்திரத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை அந்த ஆள் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டேன்.

"காளை!" என்று பியூனைக் கூப்பிட்டார் சேர்மன். "ஓட்டெடுப்பு முடியிற வரைக்கும் கதவைச் சாத்து. வெளியாள் ஒருத்தரும் இங்க நிக்கக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் எவனும் கதவைத் திறக்கக்கூடாது."

திறந்தால் நான் ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன் என்று அவருக்குப் பயம். காளை வந்து என் முன்னால் குனிந்தான். "அக்கா, கை காலு நசுங்கிரும்க்கா. கொஞ்சம் அங்கிட்டு நகருங்க." பாவம், பிழைப்பைப் பார்க்கிறவன். உள்பக்கம் ஒன்பது பேரும் வழியை அடைத்து நின்றதால் நான் வெளிப்பக்கம் நகர்ந்தேன். இரட்டைக் கதவும் என் முதுகை உரசிக்கொண்டு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. என் முந்தானை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கதவோடு கதவாக நின்றேன்.

வெளியே வராண்டாவில் என்னோடு பேயாண்டியும் மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் நின்றார்கள்.

உள்ளே மேலாளரின் குரல் மைக்கில் கேட்டது. "பொருள் எண் பதினான்கை ஆதரிக்கும் உறுப்பினர்கள் கையை உயர்த்தவும்."

பேயாண்டி பழக்கதோஷத்தில் தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டார். மூடிய கதவைப் பார்த்து உதறினார். உடனே அவருக்கே உறைத்தது.

"அடியாத்தி," என்றார். "கதவுல்ல சாத்தியிருக்கு. அவளுக்கு நான் காட்டாட்டித் தெரியாதே."

"எங்க வீட்டுல தெரிஞ்சுக்கிரும். பக்கத்துல பாத்துத் தூக்கும்," என்றார் இன்னொருவர், தைரியம் சொல்கிற மாதிரி.

உள்ளே எண்ணுகிற சத்தம். நான் காதைக் கதவில் வைத்தேன். மரத்தின் பழைய வார்னிஷ் வாடை அடித்தது. ஆறு, ஏழு, எட்டு என்று மேலாளரின் குரல் போனது. மனதுக்குள் நான் பத்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாகமணி நீங்கலாகப் பத்து. அதற்குமேல் போனால் அவர் என்னைக் கைவிட்டார் என்று அர்த்தம்.

"ஒம்பது," என்றது மைக். பிறகு எதுவும் இல்லை.

"சரியா எண்ணுய்யா!" இது சேர்மன் குரல். மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் ஒன்பதில் நின்றது.

பேயாண்டி விரல்விட்டு எண்ணினார். "ஒம்பதா? நம்மாளு பதினொண்ணுல்ல?" என்று என்னையே கேட்டார். எனக்கும் புரியவில்லை. திடீரென்று அவர் கதவைப் படபடவென்று தட்டினார். "காளை! ஏய் காளை! கதவைத் தொறடா! ஒரே ஒரு நிமிசம்டா!" காளை திறக்கவில்லை. சேர்மன் சொல்லாமல் எவனும் கதவைத் திறக்கக்கூடாது அல்லவா!

"எதிர்க்கும் உறுப்பினர்கள் கையை உயர்த்தவும்."

மீனாட்சித் தாயே என்று வாய்விட்டே சொன்னேன். முத்துக்கருப்பன் ஆட்கள் ஒன்பது பேர். ஒருவன் கோபத்தில் கையைத் தூக்காமல் விட்டாலும் போச்சு. மேலாளர் இந்தத் தடவை மெதுவாக எண்ணினார். ஒவ்வொரு எண்ணுக்கும் நான் ஒரு விரலை மடக்கினேன். ஒன்பது வந்தது. பிறகு ஓர் இடைவெளி. யாரோ யாரையோ "கையைக் கீழ போடு" என்று அதட்டுகிற சத்தம் கேட்டது.

"பத்து," என்றார் மேலாளர். "பொருள் எண் பதினான்கு நிராகரிக்கப்படுகிறது."

வராண்டாவில் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. காளை கதவைத் திறந்ததும் முந்தானை விடுபட்டது. அதில் கறுப்பாகக் கிரீஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக நாகமணியிடம் போனேன்.

"அண்ணே, உங்களை ஏழு சென்மத்துக்கும் மறக்கமாட்டேன்," என்று கும்பிட்டேன்.

அவர் அஜெண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மன்னிச்சுக்கங்கம்மா. சேர்மன் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தார். நான் ரெண்டுக்கும் கையைத் தூக்கலை," என்றார்.

அப்படியானால் பத்தாவது கை யாருடையது? சுற்றிலும் பார்த்தேன். சேர்மன் கட்சி உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். வலது கையை மடியில் வைத்து அதை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். அவளை அதட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. அவள் கையைக் கீழே போடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்தேன்.

"நீயா ஒச்சம்மா?"

"ஏன்க்கா, நான் தூக்கக்கூடாதா?" என்றாள். மூன்று வருடத்தில் அந்த ஹாலுக்குள் அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "தெனம் காலையில வரிசையில உங்களுக்கு முன்னாடிதான நிக்கிறேன். வீட்டுக்கு வந்து அவருகிட்ட அம்புட்டு நேரம் பேசுனீங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்கலையேக்கா."

எனக்குச் சுருக்கென்றது. சேர்மன் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியபோதுகூட அப்படி வலிக்கவில்லை. அதற்குள் மேலாளர் பொருள் எண் பதினைந்தை வாசித்துவிட்டார். தெருவிளக்குகளுக்குச் சோக் வாங்குவது. ஆல் பாஸ் ஆனது. முத்துக்கருப்பன் தன் வெளிநடப்பை அப்போதுதான் நிம்மதியாகச் செய்து முடித்தார்.

கூட்டம் முடிந்து கீழே இறங்கினோம். சேர்மன் எங்களைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போனார். பொக்லைன் டிரைவர் வாடகை யார் தருவார் என்று ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். செய்தி எப்படித்தான் போனதோ, மந்தைத் தெருப் பெண்கள் இருபது முப்பது பேர் கேட்டுக்கு அருகே கூடியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே தன் டி.வி.எஸ். வண்டியைப் பிடித்துக்கொண்டு பேயாண்டி நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"யாரைக் கேட்டுக் கையைத் தூக்குன?" என்றார் எல்லோர் முன்னாலும். "நாளைக்கு மாப்ள மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

ஒச்சம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பயந்துதான் இருந்தாள். குரலில் அது தெரிந்தது.

"கேக்கலாம்னு வாசலைப் பாத்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. சரி, காலையில போறது நானுதானேன்னு தூக்கிட்டேன்."

கூட்டத்தில் யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு பரவுமுன் நான் கையைக் காட்டி அடக்கினேன். ஆளை அவமானப்படுத்தி அனுப்பினால் அதன் பலனை வீட்டில் அவள்தான் அனுபவிக்கவேண்டும். பேயாண்டி பெடலை மிதித்தார். ஒச்சம்மாள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்து கழிப்பிட வரிசையில் பார்த்தேன், ஒச்சம்மாளைக் காணோம். ரோகிணியை வீட்டில் விட்டுவிட்டு, இலைக் கட்டைக்கூட அவிழ்க்காமல் அவள் வீட்டுக்கு நடந்தேன். என்னென்னவோ நினைத்துக்கொண்டே போனேன். பேயாண்டி வெளியே நாற்காலி போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநடப்புச் செய்திதான் பெரிதாக வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார்.

"என்ன விசயம், சொல்லுங்க," என்றார், எப்போதும் கேட்கிற அதே தோரணையில்.

"உங்களைப் பாக்க வரலைண்ணே," என்றேன். "கவுன்சிலரைப் பாக்க வந்தேன்."

அவர் மடித்த பேப்பரை மடியில் வைத்தார். பிறகு நாற்காலியில் இருந்தபடியே தலையை மட்டும் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

"ஏய், ஒச்சு," என்றார். "இங்கிட்டு வா. உன்னையத் தேடி வந்திருக்காக."